சுவரில் உருகும் கொழுப்பு

சீடருக்கு ஐம்பத்தாறு வயது, குருவுக்கு நாற்பத்தொன்று. உப்பளத்து ஊரில் முப்பது வருஷமாக ஊசி போட்டுப் பேர் வாங்கிய டாக்டர் வேதநாயகம், புதன்கிழமைதோறும் பஸ் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக்கு வருவார். சிறுநீரக டாக்டர் ரிஸ்வானாவின் பின்னால் வார்டு சுற்றிப் பாடம் கேட்பார். கைராசிக்காரருக்கு இது எதுக்கு என்று ஊரில் கேட்பவர்களிடம் சிரித்து மழுப்புவார்.

அந்தப் புதன்கிழமை வார்டுக்குள் கால் வைத்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏழாம் கட்டிலில் கிடந்தவள் சண்முகக்கனி. உப்பு வாருகிறவள், முட்டிவலிக்கு அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட நோயாளி. முகம் ஊதியிருந்தது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை காலி.

அவள் புருஷன் பேச்சிமுத்து எழுந்து கும்பிட்டான்.

"ஐயா வந்துட்டீயளா! நேத்துக் காலையிலேர்ந்து சொட்டு ஒண்ணுக்கு இறங்கலை. டயாலிசிஸ் வைக்கணுங்காவ. நீங்க வந்துட்டீய, இனிமே எனக்குப் பயமில்லை."

"சாப்பிட்டாளா?"

"இப்ப சாப்பாட்டு வண்டி வந்துரும். சாப்பிட்டதும் நீங்க கொடுத்த வலி மாத்திரையில ஒண்ணு கொடுத்துடுதேன். இங்க யாருக்கும் தெரியாது. பிடுங்கிக்கிடுவாவன்னு பைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்."

கொடுக்காதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். வேதநாயகம் சொல்லவில்லை. பாவி மனுஷர், தலையை வேறு ஆட்டிவிட்டு நேரே ரிஸ்வானாவின் அறைக்குப் போனார்.

"மேடம், வலி ஊசி ஒருத்தரோட கிட்னியை எப்படி நிறுத்தும்?"

ரிஸ்வானா பேனாவை மூடினார்.

"உப்பளத்துப் பொம்பளைங்க வேலை நேரத்துல தண்ணி குடிப்பாங்களா சார்?"

"மாட்டாங்க. ஒதுங்க மறைவு கிடையாது. இருட்டோட இறங்கினா மத்தியானம் வரைக்கும் தொண்டையை நனைக்க மாட்டாங்க."

முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். ஊசியைக் கையில் எடுத்தபோது மட்டும் அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ரிஸ்வானா அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையை வேதநாயகத்தின் கன்னத்திலேயே வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு."

"வெயில்ல வந்த கை சார் இது. பயந்தா உடம்பு ரத்தக்குழாயை இறுக்கிடும். இருக்கிற ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். தண்ணி வத்தினாலும் அதே கதைதான். மத்த எல்லாருக்கும் இறுகுன்னு உத்தரவு."

"கிட்னி இறுகிட்டா போச்சே!"

"அதனாலதான் அங்க இன்னொண்ணு நடக்குது. செல்லோட சுவர்லயே கொழுப்பு இருக்கு. அதுலேர்ந்து துளியூண்டு உருக்கிப் பிரிச்சு, இளகுன்னு ஒரு சேதி செய்யும். இறுக்குற சேதியும் அதே கொழுப்புல பிறக்கிறதுதான், ஒரு வயித்துப் பிள்ளைங்க. இளக்குறதுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. சேர்த்து வைக்க முடியாது. வேணுங்கிறப்போ எல்லாம் புதுசா செய்யணும்."

"புராஸ்டாகிளாண்டின்," என்றார் வேதநாயகம். "பரீட்சையில எழுதியிருக்கேன்."

"முட்டியில வலின்னு கத்துறதும் அதுதான். முட்டியை வாயை மூடச் சொல்லி ஊசி போட்டாலும் மாத்திரை கொடுத்தாலும், கிட்னியிலயும் மூடிக்கும். அப்புறம் இறுகுங்கிற குரல் மட்டும்தான் அங்க கேக்கும்."

"திரும்பத் திறக்குமா?"

"இப்பவே நிறுத்தினா பெரும்பாலும் திறக்கும். மேல மேல கொடுத்தா சொல்ல முடியாது."

வராந்தாவில் சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. வேதநாயகம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏழாம் கட்டில் என் பேஷன்ட், மேடம். ஊசி நான் போட்டது."

"இடுப்புல தடம் பார்த்தேன். யார் போட்டாங்கன்னு புருஷனைக் கேட்டேன், வாயே திறக்கலை. சாமியைக் காட்டிக்கொடுப்பானா?"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. எழுந்து கதவு வரைக்கும் போனார். வண்டி முதல் கட்டிலில் நின்றிருந்தது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது தட்டு. மூன்றாவது. கதவுப் பிடியைப் பிடித்தபடி திரும்பினார்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் மேடம். ஊரு முழுக்கத் தெரிஞ்சிடும். நினைச்சாலே உடம்பு ஆடுது. கொஞ்சம் உக்காந்துக்கறேன். பயம் தெளியட்டும், போய்ச் சொல்லிடறேன்."

ரிஸ்வானா நாற்காலியைக் காட்டவில்லை.

"உடம்பெல்லாம் பயந்து இறுகுற நேரத்துலதான் சார், இளகுன்னு சொல்ல அந்தக் கொழுப்பு உருகுது. பயம் தெளிஞ்சப்புறம் அது எதுக்கு?"