பாதிக் கூடும் முழுத் தோகையும்

ஆற்றோரமாய் இருந்த ஒரு காட்டில் மருதமரம் ஒன்று பட்டுப்போய் நின்றது. அதன் அடியில் ஒரு யானை படுத்துப் புரளும் அளவுக்குப் பெரிய பொந்து. வேலைப்பாடு தெரிந்த பிராணிகள் சில ஒன்றுசேர்ந்து அந்தப் பொந்தைப் பெருக்கி, ஒட்டடை அடித்து, தாங்கள் செய்த பொருள்களை எல்லோரும் வந்து பார்க்கும் பொதுக் கூடமாக்கிக்கொண்டன.

குளவி மண்குடம் வனைந்தது. சிலந்தி மெல்லிய துணி நெய்தது. அணில் மரப்பட்டையை உரித்து நார் மெத்தை தைத்தது. தூக்கணாங்குருவி கூடு பின்னியது. பெருக்குவதும் காவல் இருப்பதும் முறை வைத்து நடந்தன. ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஈரமண்ணில் செய்தவரின் காலடி பதிந்திருக்கும். யார் கைவேலை என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. வேலை தெரிந்த அளவுக்கு வாய் திறக்கத் தெரியாது. யாராவது பார்க்க வந்தால் போதும், ஆளுக்கொரு மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். கேட்டால், "வேலை நல்லா இருந்தா அதுவே பேசும்" என்று சொல்லும். வேலை எப்படிப் பேசும், குழந்தைகளே? கூட்டுக்கு நாக்கா இருக்கிறது?

அந்த ஆண்டு மழைக்கு முன்னால் பெரிதாக ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவாயிற்று. செய்தி கேட்டு மயில் வந்தது.

"நீங்க வேலையைப் பாருங்க. எடுத்து வைக்கிறது, அடுக்குறது, வர்றவங்ககிட்ட பேசுறது எல்லாம் என் பொறுப்பு" என்றது.

தொல்லை விட்டது என்று எல்லாம் தலையாட்டின. மயில் செய்த முதல் காரியம், அந்தக் காலடிகளை எல்லாம் தோகையால் துடைத்து எறிந்ததுதான்.

"இது என்ன, சேத்துக் காலோட வாசல்ல நடந்த மாதிரி? கண்ணை உறுத்துது."

"அப்போ யார் செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று சிலந்தி மட்டும் கேட்டது.

"யார் செஞ்சா என்ன? எல்லாம் நம்ம வேலைதானே."

"நம்ம" என்று மயில் சொன்னது எல்லோருக்கும் இனித்தது. சிலந்தியும் தன் நெசவைப் பார்க்கப் போய்விட்டது.

காட்சி தொடங்கியது. முதல் நாள் மயில், "நம்ம வேலை" என்றது. இரண்டாம் நாள், "என் கூடத்து வேலை" என்றது. மூன்றாம் நாள் தோகையை விரித்து நின்றுகொண்டு கூசாமல், "என் வேலை" என்றது. அதைக் கேட்டுக் கரடியும் மானும் முயலும், "ஆளே இவ்வளவு அழகு, கைவேலை கேக்கணுமா?" என்று மெச்சின. மூலையில் இருந்த குளவி கொடுக்கை நீட்டிக்கொண்டு கிளம்பியது. "சும்மா இரு, வந்தவங்க முன்னாடி சண்டை எதுக்கு?" என்று அணில் அடக்கியது. திருடியவன் வாசலில் நிற்கிறான், செய்தவர்கள் மூலையில் கிசுகிசுக்கிறார்கள். என்ன நியாயம் இது?

பொந்துக்கு வெளியே, ஆற்றுக்கு மேல் நீண்ட கிளையில், தூக்கணாங்குருவியின் கூடு தொங்கியது. மயில் அதையும் காட்சியில் சேர்த்து, வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டியது. அந்தக் குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி கூட்டைப் பாதிதான் பின்னும். அடிப்பாகம் திறந்தபடி, கவிழ்த்த தொப்பி போல் தொங்கவிட்டுக் காத்திருக்கும். பெண்குருவி வந்து உட்கார்ந்து, இழுத்துப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் மீதியைக் கட்டும். அதையும் அவள் கண்ணெதிரே கட்ட வேண்டும்.

நம் குருவி இந்தப் பருவத்துக்குப் பின்னியது இந்த ஒரு கூடுதான். காற்றில் அலையாமல் இருக்க உள்ளே அப்பிய மண் குளவி பிசைந்து கொடுத்தது. கூடு தொங்கும் காம்பு அறாமல் இருக்கச் சுற்றிய இழை சிலந்தி நூற்றது. இதை ஒருத்தி ஏற்காவிட்டால் குருவிக்கு அந்த ஆண்டு குடும்பமும் இல்லை, குஞ்சும் இல்லை.

நான்காம் நாள் அக்கரைப் பனங்காட்டிலிருந்து ஒரு பெண்குருவி பறந்து வந்தது. கூட்டில் தொற்றியது. ஓலைக் கீற்றைக் கவ்வி இழுத்தது. தலைகீழாய்த் தொங்கி உள்ளே பார்த்தது.

"நல்ல கட்டு. யார் கட்டினது?"

மேல்கிளையில் இருந்த தூக்கணாங்குருவி வாயைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது.

"நான்தான்" என்றது கீழே நின்ற மயில்.

பெண்குருவி மயிலின் அலகைப் பார்த்தது. "இவ்வளவு பெரிய மூக்கால இவ்வளவு நுணுக்கமாவா?"

"கலைக்கு மனசுதாம்மா முக்கியம். மூக்கு இல்ல."

"சரி ஐயா, எனக்குப் பிடிச்சிருக்கு. மீதியை முடிங்க. உக்காந்து பாக்குறேன்."

மயில் விழித்தது. பாதிக் கூடு என்பதே அதற்குத் தெரியாது.

"மீதியா? முடிஞ்சுதானே இருக்கு. ஆத்து அழகு தெரியட்டும்னுதான் அடியைத் திறந்து விட்டிருக்கேன்."

"முட்டை ஆத்துல விழுமே ஐயா?"

கூடியிருந்தவர்கள் மயிலையே பார்த்தார்கள். கௌரவம் விடுமா? மயில் கிளையில் ஏறி, எட்டி, வாய்க்கு அகப்பட்ட கீற்றைக் கவ்வி இழுத்தது. முடிச்சு அவிழ்ந்தது. ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. குளவி கொடுத்த மண் பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. மயில் மறுபடியும் அலகை நீட்டியது.

"விடு அதை" என்று தூக்கணாங்குருவி கத்தியது. "அது நான் கட்டினது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"தம்பி, நன்றி மறக்காதே" என்றது மயில். "நான் எடுத்துக் காட்டலேன்னா இதை எவன் பாத்திருப்பான்?"

குளவி மூலையை விட்டு வந்தது. "எடுத்துக் காட்டினது நீதான். யாரும் இல்லேங்கல. எடுத்துக் காட்டினேன்னு சொல்லியிருந்தா உன்னைக் கும்பிட்டிருப்போம். கட்டினேன்னு ஏன் சொன்னே?"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றது கரடி. முந்தின நாள் மெச்சியபோது அந்தச் சந்தேகம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

பெண்குருவிக்குக் கோபம் வந்துவிட்டது. அது தூக்கணாங்குருவியின் பக்கம் திரும்பியது.

"யார் கட்டினதுன்னு கேட்டேனே, உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"வேலையே சொல்லும்னு இருந்துட்டேன்."

"வேலை ஒண்ணும் சொல்லல. அவன்தான் சொன்னான், நானும் நம்பினேன். சொந்தக் கூட்டைப் பறிச்சப்பவே வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தே. நாளைக்குப் பாம்பு வந்தா என் குஞ்சுக்காகவா கத்தப்போறே?"

தூக்கணாங்குருவிக்கு முகம் சுண்டியது. பறந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தது. பிறகு கூட்டின் மேல் வந்து உட்கார்ந்து, ஆற்றின் அக்கரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னது.

"மண்ணு குளவி பிசைஞ்சது. காம்புக்கு இழை சிலந்தி நூத்தது. பின்னல் முழுக்க என்னோடது. இன்னொருத்தன் தன்னோடதுன்னு சொன்னா இனிமே கத்துவேன்."

பெண்குருவி நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஆனால் பறந்து போகவும் இல்லை. பக்கத்துக் கிளையில் இறக்கையை மடக்கி உட்கார்ந்தது.

"முதல்ல அவன் பிய்ச்ச இடத்தைக் கட்டு" என்றது. "பாக்குறேன்."

நீதி: உழைத்தவர் வாய் மூடி நின்றால், உழைப்பின் பெயர் வாயுள்ளவனுக்குப் போய்விடும்.