இடது காலுக்கு ஒரு மாச லீவு

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட உக்காருங்க. தூரத்துல இருந்து கேட்டா பாதிக் கதை காத்தோட போயிரும்.

மந்தைக்குளம்னு ஒரு ஊர். அந்த ஊர்ல அண்ணன் தம்பி மூணு பேர். மூத்தவன் வெயிலுமுத்து, நடுவுளவன் ஆவுடையப்பன், இளையவன் பிச்சாண்டி. மூணு பேரும் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுறவங்க. ஒருத்தன் சக்கரத்துக்கு அடியில கட்டையைப் போடுவான், ஒருத்தன் எடுப்பான், ஒருத்தன் முன்னால நின்னு துண்டை வீசி ‘வரட்டும், வரட்டும்’பான். துண்டு வீசுறவன் வெயிலுமுத்து. அதனால அவன்தான் புத்திசாலின்னு மத்த ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருந்தாங்க. அவனும் மறுக்கல.

பிச்சாண்டிக்குப் பொண்ணு பார்த்தாங்க. பக்கத்து ஊர்ப் பால்காரர் கோமதிநாயகத்தோட மக வடிவு. காப்பி கொடுக்கும்போது இவனைப் பார்த்து லேசாச் சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்புக்கு இவன் ரயிலைக்கூட ஓட்டியிருப்பான். ஆனா கோமதிநாயகம் ஓட்டச் சொன்னது தன் பால் வண்டியைத்தான். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள லைசென்ஸ் வரணும், இல்லாட்டி லாரி டிரைவர் ஒருத்தன் பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கான்னு கறாராச் சொல்லிட்டார்.

மூணு பேரும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாங்க. அங்க செல்வின் மாஸ்டர்னு ஒருத்தர். அன்னிக்கு வரைக்கும் ரொம்பப் பொறுமைசாலி. அந்தச் சீமையில லைசென்ஸ் ரெண்டு தினுசு. கியர் வண்டிக்கு ஒண்ணு, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒண்ணு. மாஸ்டர் முதல்ல கியர் வண்டியில உக்கார வெச்சு, கிளட்சுல இருந்து காலை மெதுவா எடுக்கணும்னு சொன்னார். பிச்சாண்டி மெதுவாத்தான் எடுத்தான். கால் முழுசா மேல வரும்போது அன்னிக்குப் பாடம் முடிஞ்சிருந்தது. மறுநாள் கொஞ்சம் வேகமா எடுக்கச் சொன்னார். எடுத்த வேகத்துல முழங்கால் ஸ்டீயரிங்குல இடிச்சு, ஹாரன் அலறி, வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுட்டுது.

மாஸ்டர் யோசிச்சுப் பார்த்து அவனை ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திவிட்டார். "இதுல கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்ல. அப்படி ஒரு கால் இருக்குறதையே மறந்துரு"ன்னார்.

வீட்டுல பெரிய ஆலோசனை நடந்துது.

"பெறந்ததுலேருந்து கூடவே வார காலை எப்படிண்ணே மறக்குறது?"ன்னான் பிச்சாண்டி.

"குளிக்கும்போது அதுக்குத் தண்ணி ஊத்தாத. செருப்பு போடாத. குனிஞ்சு பார்க்காத. தானா மறந்துரும்"னான் வெயிலுமுத்து.

ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம். "கொசு கடிச்சா?"

"கடிச்சா அது அந்தக் காலோட பாடு."

மறுநாள்லேருந்து பிச்சாண்டி ஒத்தைச் செருப்போட வந்தான். சொன்னா நம்பமாட்டீங்க, வண்டி அவனுக்குப் பணிஞ்சு போச்சு. ஒரே மாசத்துல வளைக்கிறது, பின்னால எடுக்கிறது எல்லாம் பழகிட்டான்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் மாஸ்டர், மாமனார் வண்டி எந்தத் தினுசுன்னு கேட்டார். கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் வாங்கினா கியர் வண்டியைத் தொடக்கூடாது, கியர் லைசென்ஸ் வாங்கினா ரெண்டையும் ஓட்டலாம். அதனால திரும்பக் கியருக்கே மாறிருவோம், இடது காலை மறுபடி வேலைக்குக் கூப்பிடுன்னு சொல்லிட்டார்.

மூணு பேர் முகமும் வாடிப்போச்சு. ஒரு மாசம் சோப்புகூடக் காட்டாம ஒதுக்கி வெச்ச காலை இப்போ எந்த மூஞ்சியோட கூப்பிடுறது? விசேஷத்துக்குச் சொல்லாம விட்ட சித்தப்பாவைச் சமாதானம் பண்ணுற முறைதான் இதுக்கும்னு வெயிலுமுத்து தீர்ப்புச் சொன்னான். தட்டுல வெத்தலை பாக்கு, பழம், புதுச் செருப்பு ஒத்தை வெச்சு, மூத்தவன்கிற முறையில அவனே நின்னு அழைச்சான். கால் ஒண்ணும் சொல்லல.

"கோவம் இன்னும் போகலபோல"ன்னான் ஆவுடையப்பன்.

"முதல் அழைப்புக்கே சரின்னுட்டா அதுக்கு என்னலே மரியாதை? நாளைக்கும் அழைப்போம்."

மூணு நாள் அழைச்சாங்க. தட்டுக்கு முன்னால மணிக்கணக்கா மடக்கியே வெச்சிருந்ததுல, மூணாம் நாள் கால் சுத்தமா மரத்துப்போச்சு. பிச்சாண்டிக்கு அழுகையே வந்துட்டுது. லாரி டிரைவர் கண்ணு முன்னால வந்து வந்து நின்னான். அப்போ வெயிலுமுத்து கேட்டான், தேரை என்னிக்காவது ஒருத்தனே ஓட்டிப் பார்த்திருக்கோமான்னு.

பரீட்சை அன்னிக்கு இன்ஸ்பெக்டர் பின் சீட்டுல ஏறி உக்காந்து எட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்குல பிச்சாண்டி. அவன் காலடியில சுருண்டு படுத்து, ரெண்டு கையாலயும் கிளட்சைப் பிடிச்சிருக்கான் ஆவுடையப்பன். பக்கத்து சீட்டுல கியர்க் கம்பியோட வெயிலுமுத்து.

"ஓட்டுறவரைத் தவிர எல்லாரும் இறங்குங்க"ன்னார் இன்ஸ்பெக்டர்.

ஒருத்தரும் அசையல. வெயிலுமுத்துதான் பணிவா விளக்கினான். "ஸ்டீயரிங் இவன், கிளட்ச் அவன், கியர் நான். ஓட்டாம சும்மா இருக்கது ஐயா மட்டும்தான்."

இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாத்தான் இருந்தது. இறங்கிட்டார்.

வண்டி கிளம்பி, அசைஞ்சு அசைஞ்சு, ஒரு கோட்டைக்கூடத் தொடாம எட்டுப் போட்டு வந்து நின்னுது. ஃபெயில் ஆக்க அவருக்கு மனசு வரல, பாஸ் ஆக்கப் பயமா இருந்தது. கண்ணு மங்கினவங்களுக்குக் கண்ணாடி போடணும்னு எழுதுற இடத்துல, ‘அண்ணன்மார் இருவரும் கூட வந்தால் மட்டும் ஓட்டலாம்’னு எழுதிக் கொடுத்துட்டார்.

கோமதிநாயகம் அதை ரெண்டு தடவை படிச்சார். கேட்டது லைசென்ஸ், வந்திருக்கதும் லைசென்ஸ். ஆவணியில கல்யாணம் முடிஞ்சுது.

மறுவாரம் பால் வண்டி புறப்பட்டுது. பின்னால ஏழு கேன், முன் சீட்டுல ஒரு கேன், அதுதான் வழக்கம். இப்போ முன் சீட்டுல வெயிலுமுத்து இருக்கான். எட்டாவது கேனுக்கு எடம் இல்ல. அவன் முதல் கியரைப் போட்டுக் கொடுத்துட்டு இறங்கினான். கூட வரணும்னுதானே எழுதியிருக்கு, உக்காந்து வரணும்னு இல்லையேன்னு கேனைத் தலையில தூக்கி வெச்சு வண்டிக்கு முன்னால நடந்தான்.

வாசல்ல நின்ன வடிவு பொறுக்கமாட்டாம, "பெரியத்தான், நீங்கதான் நடக்கீங்களே. உங்க சீட்டு காலியாத்தான இருக்கு, கேனை அதுல வைக்கலாம்லா?"ன்னா.

வெயிலுமுத்து நின்னான். வண்டியும் நின்னுது. புள்ள சொல்லுறது நியாயம்னு பட்டுது. கேனை இறக்கித் தன் சீட்டுல வெச்சு, பெல்ட்டை மாட்டிவிட்டான். ஆனா வண்டிக்கு ஒரு கேன் பாரம் கூடிப்போச்சே. பாவம், பழைய வண்டி. ஸ்டெப்னி டயரைக் கழத்தித் தலையில வெச்சுக்கிட்டு முன்னால நடந்தான்.