அடுத்து நின்ற வரி

கணினியை மந்தமாக்குவது பிலவேந்திரன் எழுதிய நிரல் வரிதான் என்று அறிக்கை சொன்னது. இயங்குதளத்தின் மையமான கர்னலைக் கவனிக்கும் பிரிவின் தலைவர் சேஷகிரி காலையிலேயே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளந்து அந்த அறிக்கையைத் தரும் கருவியைப் பார்த்துக்கொள்பவள் ஒப்பந்த ஊழியர் பொற்கொடி. "தப்பு அவர் வரியில இல்ல சார்" என்றாள்.

"கருவி பொய் சொல்லுமா? மத்தியானத்துக்குள்ள நிரூபி. இல்லன்னா நீயும் கிளம்பு."

பிலவேந்திரனின் வரிக்கு மேலே, எந்த வேலையும் செய்யாத வெற்று வரி ஒன்றைச் சேஷகிரியின் பெயரில் செருகி மறுபடி ஓட்டினாள். அறிக்கையில் இப்போது முதல் குற்றவாளி சேஷகிரி.

"சும்மா நிக்கிற வரி எப்படி நேரத்தத் தின்னும்?" என்று சீறினார்.

"தின்னாது சார். ஓடுற நேரத்தச் சிப்பு எண்ணிக்கிட்டே இருக்கும், எண்ணிக்கை நிரம்பினதும் மணியடிக்கும். கர்னல் எட்டிப் பார்க்கறதுக்குள்ள நேரத்தத் தின்ன வரி கடந்து போயிடும். அடுத்து நிக்கிற வரியோட பேருதான் பதிவாகும்."

சேஷகிரி அந்த வெற்று வரிக்கும் மேலே இருந்த வரியைப் பார்த்தார். ஆறு வருடம் முன்பு அவரே எழுதியது.

"பிலவேந்திரனைக் கூப்பிடு."

"கூப்பிட்டேன் சார். ஊருக்கு பஸ் ஏறிட்டார், இனி வரமாட்டாராம். நாமளும் லேட்டாத்தான் எட்டிப் பார்த்திருக்கோம்."