தொட்டால் ஒரு வருஷம்

“தொடாமல் ஒருத்தியோடு குடும்பம் நடத்த முடியுமா, அம்மா?”

இப்படிக் கேட்டவன் தெமோன்.

கிரேக்கத் தீவு ஒன்றில் மெலித்தா என்ற பெண் சோதிடம் கற்பித்துவந்தாள். தெமோன் அவளிடம் ஆறு வருஷமாகப் படிக்கிறவன். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் வாய் நிறைய அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

“யாரைத் தொடாமல்?”

“மிர்த்தோவை. கல்யாணமாகி ஐம்பது நாள். இன்னும் ஒரு விரல்கூடப் படவில்லை.”

“பிடிக்கவில்லையா?”

“பிடித்துப்போனதுதான் வினை. பக்கத்தில் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.”

அவன் தன் ஜாதகம் எழுதிய பலகையை நீட்டினான்.

“பாருங்கள். ஏழாம் இடத்தில் சுக்கிரனும் சனியும். நான் ஆசையோடு தொடுகிறவள், தொட்ட நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் செத்துப்போவாள். என் முதல் மனைவி கல்யாணமான பத்தாம் மாதமே செத்துப்போனாள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?”

மெலித்தா பலகையை வாங்கவில்லை. அத்திப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“தத்துவக் கூடத்தில் போய்க் கேட்டேன். ஐந்து புலன்களில் தொடுதல்தான் கீழானதாம். விலங்குக்கும் உண்டாம். விட்டொழி என்றார்கள்.”

“அது இல்லாமல் உயிரோடிருக்கும் விலங்கு ஒன்றைக் காட்டச் சொன்னாயா?”

“இல்லை.”

“சரி.”

பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். தெமோனுக்கு அழுகை வந்தது.

“விளையாடாதீர்கள், அம்மா. அவள் மூட்டை கட்டிவிட்டாள். மதியப் படகில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வாள். தடுத்தால் என் கையாலேயே கொன்றதாகிவிடும். நான் என்ன செய்ய?”

“ஒரு மாலுமியின் ஜாதகத்தில் மரணம் தெரிகிறது. யாரிடம் சொல்வாய்?”

“அந்த மாலுமியிடம்தான். அவனுக்கு முன்னால் வேறு யார் காதிலும் போடக் கூடாது. இங்கே நீங்கள் கற்றுக்கொடுத்த முதல் விதி.”

“உன் கணக்கில் சாகப்போவது யார்?”

“மிர்த்தோ.”

“என்னிடம் சொல்லிவிட்டாய். தத்துவக் கூடத்திலும் சொல்லிவிட்டாய்.”

தெமோன் நீட்டிய பலகையை இழுத்துக்கொண்டான்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தப்பாமல் பலன் சொல்கிறவன், சொந்த வீட்டில் இப்படிக் கோட்டைவிட்டிருந்தான்.

மெலித்தா வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

அவன் ஓடினான். நாற்பத்தெட்டு வயதுக்காரன் ஓடுவதைச் சந்தையே வேடிக்கை பார்த்தது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோனது.

துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மிர்த்தோ படகில் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரையில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். சுக்கிரன், சனி, முதல் மனைவி, பத்தாம் மாதம். படகோட்டி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

மிர்த்தோ அவன் பக்கம் திரும்பினாள்.

“இவ்வளவுதானா? என் உடம்பில் ஏதோ நாற்றம் என்று நினைத்து ஐம்பது நாளாக மூன்று வேளை குளித்தேனே!”

“மிர்த்தோ...”

“சாகப்போகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

“கேட்கவில்லை. பயம்.”

“தொட்டால் ஒரு வருஷம் என்கிறீர்கள். தொடாவிட்டால் எத்தனை வருஷம்?”



“அதைக் கணித்துப் பார்க்கவில்லை.”

மிர்த்தோ மூட்டையைத் தூக்கிக் கரையில் எறிந்தாள்.

“கையைக் கொடுங்கள். படகு ஆடுகிறது.”