செத்தவர் பெயரில் எண்ணூறு ஆர்டர்

"செத்துப்போன ஆளு எங்ககிட்ட சரக்கு வாங்கறாருங்க மேடம்."

உட்காருவதற்கு முன்பே கனகசபாபதி சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, ஜன்னலுக்கு வெளியே யாராவது நின்று ஒட்டுக்கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

தென்னைமரங்கள்தான் நின்றன.

அவர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் உதிரிபாகக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். வயது ஐம்பத்திரண்டு. மனைவி போட்ட காப்பியையே முகர்ந்து பார்த்துக் குடிக்கிற ரகம்.

எதிரே இருந்த ஜெசிந்தா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். இருபது கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்த்துவிட்டு, இப்போது உடுமலைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் இருக்கிறார். அந்தத் தொழிலில் முட்டி மோதியவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. எதையாவது செய்து வைப்பார்.

"யாரு அந்த ஆளு?"

"ஆறுச்சாமி. பொங்கலூர்ல கடை வெச்சிருந்தார். செத்து அஞ்சு வருசமாச்சு, கடையும் மூடியாச்சு. கம்ப்யூட்டர்ல அவர் பேர் மட்டும் எடுக்காம கெடக்கு. நாலு மாசத்துல அவர் பேர்ல எண்ணூறு ஆர்டர் போயிருக்குங்க."

"சரக்கு எங்க போச்சு?"

"பல்லடம், தாராபுரம், காங்கேயம்னு ஊர் ஊராப் போயிருக்கு."

"பணம்?"

"முழுசா வந்துருச்சு. அதாங்க எனக்கு இன்னும் சந்தேகம்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததையும் கனகசபாபதி சந்தேகமாகத்தான் பார்த்தார்.

"செஞ்சது யாருன்னு தெரியுமா?"

"தமயந்தி. சரக்கு அனுப்பற செக்சன்ல பதினெட்டு வருசமா இருக்கறா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. பாவம் பார்த்தா ஆகுங்களா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போலீசுக்குப் புகார். நாலு மணிக்கு முதலாளி கையெழுத்துப் போடறார். அதுக்குள்ள இவ கூட்டாளி யாருன்னு தெரியணும். நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்கு? கூப்பிட்டுக் கம்ப்யூட்டர்ல காட்டினேன். பொலபொலன்னு அழுதா. அழுதாலே குத்தந்தானுங்களே."

"வேற யாராச்சும் உள்ள நுழைஞ்சு பண்ணியிருப்பாங்களோ?"

கனகசபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் சிஸ்டத்துலயா? புதுசா ஒரு கடைப் பேர் ஏறணும்னா மூணு கையெழுத்து, மூணு நாள். ஈ எறும்பு நுழையாதுங்க."

"இந்த வருசம் உங்க முதலாளி எதை நம்பித் தொழில் பண்ணறார்?"

"அவரா? தை மாசம் கூட்டம் போட்டுப் பேசினார். புதுக் கடையா இருந்தாலும் சரி, மத்தியானத்துக்குள்ள கேட்டா சாயங்காலமே சரக்கு போயிறணும், மோட்டார் நின்னா பயிர் காயும்னார். அது வியாபாரப் பேச்சுங்க. நமக்கெதுக்கு? நான் லேப்டாப் பார்த்துட்டு இருந்தேன்."

ஜெசிந்தா எழுந்துபோய், தன்னைத் தேடி வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார்.

"சரிங்க. கூட்டாளி யாருன்னு சொல்லிறலாம். ஆனா புதுசா வர்றவங்களுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் சொல்றது. வியாழக்கிழமை வாங்க."

"அய்யோ! நாலு மணிக்கு நான் முதலாளி முன்னாடி நிக்கணுங்க."

"பழைய ஆளுன்னா உடனே சொல்லுவேன்." ஒரு வரியில் விரலை வைத்தார். "இதோ, வரதராஜன்னு ஒருத்தர். போன வருசம் தவறிட்டார். அவர் பேருக்கு நேரா ஒரு கையெழுத்து விழுந்துட்டா, நோட்டுக்கு அவர் வந்த மாதிரிதான்."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கனகசபாபதிக்குப் பட்டது.

கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. இப்போது கிளம்பினால்தான் போய்ச் சேரலாம்.

வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை.

பேனாவை எடுத்து 'வரதராஜன்' என்று கையெழுத்துப் போட்டார்.

ஜெசிந்தா நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் படித்தார். புகார்க் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, அதையும் நிதானமாகப் படித்தார்.

"எத்தனை நாளா இந்தத் திருட்டு, வரதராஜன்?"

கனகசபாபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யாருங்க திருடன்? வேலை ஆகணும்னுதானே போட்டேன்! வேற வழி ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா நீங்க?"

கத்திய பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.