அறுபது பாகையில் ஐந்து நிமிடம்

அந்த வருஷம் உயிரிரசாயனவியலில் சிறப்புப் பட்டம் படிக்கத் தெரிவானவர்கள் நாலே பேர். நாலு பேருக்கும் ஒரே ஆய்வுகூடம், கதவு சரியாகச் சாத்தாத ஒரே குளிர்சாதனப் பெட்டி. யாருடைய குழாயை யார் எடுத்தது என்று நாளுக்கொரு சண்டை நடக்கும். மத்தியானம் ஆனதும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவர்களில் ஒருத்தியான துஷ்யந்தி இப்போது வேறொரு நாட்டில், பளபளக்கும் கருவிகளுக்கு நடுவே வேலை செய்கிறாள். என்றாலும் ஆய்வுகூடம் என்று யாராவது சொன்னால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இடம்தான்.

அவளுடைய ஆய்வு கத்தரிக்காயைப் பற்றியது. வெட்டி வைத்த கத்தரிக்காய் சற்று நேரத்தில் நிறம் மாறிவிடும். அப்படி மாற வைக்கும் நொதியத்தைப் பிரித்தெடுத்து, அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். வாங்கியதில் மிஞ்சிய காய் விடுதிக்குப் போகும். நாலு மாதமாக விடுதியில் கத்தரிக்காய்க் குழம்பு.

"உன்ர பட்டத்தை நாங்களும் சேர்ந்துதான் சாப்பிடுறம்" என்பாள் அறைத்தோழி.

ஆய்வை மேற்பார்வை செய்தவர் திலகேஸ்வரி மிஸ். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அதே நொதியத்தை இளம் வயதில் அவரும் ஆராய்ந்திருந்தார். அந்தக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்து, அதன் முதற்பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் துறையின் நடைபாதையில் தொங்கியது. அறுபது பாகைச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் நொதியம் முற்றாகச் செயலிழந்துவிடும் என்பது அதில் கண்ட முடிவு.

துஷ்யந்தியின் குழாயில் அது செயலிழக்கவில்லை.

சூடாக்கிய பிறகும் பழுப்பு நிறம் வந்தது. அளந்து பார்த்தால் நொதியத்தின் வீரியம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தன் கைதான் பிழை என்று நினைத்தாள். புதுக் காய் வாங்கினாள். புதுக் கரைசல் தயாரித்தாள். பதினொரு தரம் செய்தாள். பதினொரு தரமும் பழுப்பு.

ஆய்வேடு கொடுக்க மூன்று கிழமை இருந்தபோது, அதன் முதல் வரைபில் அறுபது பாகைக்கு நேரே பூச்சியம் என்று போட்டாள். போட்ட பிறகு கை கழுவிக்கொண்டு வந்தாள். ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை மிஸ் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவள் கொடுத்திருந்த வரைபு இருந்தது.

"உம்மட முடிவும் என்ர முடிவும் ஒண்டாயிருக்கு."

"ஓம் மிஸ்."

"எத்தனை தரம் செய்தனீர்?"

"பதினொரு தரம்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரியா வந்த ஒண்டைப் பதினொரு தரம் ஏன் செய்தனீர்?"

துஷ்யந்தி வரைபையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் எழுந்து, அலுமாரியிலிருந்து தன் வெள்ளை மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது இடுப்பில் இறுகியது.

"வாரும். மணிக்கூட்டை நீர் பாரும்."

மிஸ் தானே காயை வெட்டினார். தானே அரைத்தார், வடித்தார். மற்ற மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு எட்ட நின்று பார்த்தார்கள். அவர் இந்த மேசையில் வேலை செய்து அவர்களில் ஒருவரும் கண்டதில்லை.

"அப்ப சண்டைக் காலம், கரண்ட் இல்லை" என்றார் மிஸ், குழாயைச் சுடுநீரில் இறக்கியபடி. "மண்ணெண்ணெய் அடுப்பிலதான் தண்ணி வைப்பம். ஐஸ் மீன் வாடியில இருந்து வரும். சாக்கில சுத்தி, சைக்கிளில. வந்து சேரேக்க பாதி கரைஞ்சிடும். செல்வராணி எண்டு என்னோட படிச்சவள், இப்ப நீர் நிக்கிற இடத்தில நிண்டு மணிக்கூடு பாப்பாள். பாத்துக்கொண்டே பாடுவாள். பாட்டு முடிஞ்சால் அஞ்சு நிமிசம்."

"அவ இப்ப எங்க மிஸ்?"

"வெளிநாடு போனவள். கொஞ்ச நாள் காயிதம் போட்டவள்."

துஷ்யந்தி மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று நிமிடம். மிஸ் தண்ணீரில் நின்ற வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இன்னொரு வெப்பமானியையும் விட்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களிட்டை ஒண்டுதான் இருந்தது. அது சரியோ எண்டு பாக்க வேற ஒண்டு இல்லை" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அஞ்சு நிமிசம், மிஸ்."

குழாயை எடுத்து ஐஸில் குளிர வைத்தார். பிறகு நிறம் காட்டும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தேயிலைச் சாயம்போல ஒரு நிறம் அடியிலிருந்து மெல்ல எழுந்தது. கெட்டியானது.

மிஸ் அதை இறக்காமல் கனநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உம்மட கொப்பியைத் தாரும்."

துஷ்யந்தி ஆய்வுக் கொப்பியைக் கொடுத்தாள். பதினொரு பதிவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார் மிஸ். அவற்றின் கீழே, பன்னிரண்டாவது என்று இலக்கமிட்டு, அன்றைய முடிவைத் தன் கையால் எழுதினார். திகதி போட்டு ஒப்பமிட்டார்.

"வரைபை மாத்தி எழுதும்."

"அப்ப உங்கட கட்டுரை?"

"அதையும் எழுதும். என்ர பேர், வருசம், பக்கம் எல்லாம் போட்டு, அந்த முடிவு பிழை எண்டு எழுதும்."

துஷ்யந்திக்கு அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ். நான்தான் பூச்சியம் எண்டு போட்டனான். உங்களுக்கு மரியாதை குறைஞ்சிடும் எண்டு நினைச்சனான்."

மிஸ் குழாயைத் தாங்கியில் மெதுவாக வைத்தார்.

"இருபத்தாறு வருசமா எல்லாரும் அதுக்கு மரியாதை குடுத்தவை, பிள்ளை. செய்து பாத்தது நீர் ஒராள்தான்."