ராஜாவும் அப்பாவும், நடுவில் மீசையும்

பூவரசூர் ராஜா மாறப்ப பூபதிக்குப் பயப்படாதவர் ஒரே ஒருவர்தான். அரண்மனைப் பள்ளிக்கூடத்து உலகநாத வாத்தியார். அவர் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பது ராஜாவா தூணா என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒப்பிடும் பாடத்தை அவர் வட்டம் போட்டு நடத்துவார். கருங்கல் தரையில் சுண்ணாம்பால் இரண்டு வட்டம், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல. பசுவுக்கு மட்டும் உள்ளது இந்தப் பக்கம், எருமைக்கு மட்டும் உள்ளது அந்தப் பக்கம், இரண்டுக்கும் பொதுவானது நடுவில்.

ஒருநாள் பாடத்தைப் பார்க்க வந்த ராஜாவுக்கு ஆசை வந்தது. "மாடு எதற்கு ஓய்? என்னையும் காலமான என் தகப்பனாரையும் ஒப்பிடச் சொல்லும்" என்றார்.

பிள்ளைகள் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதினார். பெரிய ராஜா பக்கம்: மழை பெய்தால் ஏரிக்கரைக்கு ஓடுவார், வழக்குக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார், குடியானவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நம் ராஜா பக்கம்: பன்னீரில் கால் கழுவுவார், கிளிக்குப் பல்லக்கு வைத்திருக்கிறார், மத்தியானம் தூங்குவார், சாயங்காலமும் தூங்குவார். நடுவில் ஒரே ஒரு சொல் இருந்தது. மீசை.

ராஜா அந்த மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நாளைக் காலைக்குள் அப்பா பக்கம் இருப்பதெல்லாம் நடுவுக்கு வந்தாக வேண்டும். ஒரு எழுத்தை அழிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. அழித்தால் பயந்து அழித்தேன் என்பார்கள். புதிதாக எழுதவும் கூடாது. முடியாவிட்டால் நீர் குடும்பத்தோடு நாட்டு எல்லையைத் தாண்டிவிடும்."

வாத்தியார் மனைவிக்கு அப்போது நிறைமாதம். மனிதர் நேராக, ராஜாவுக்கு யோசனை சொல்லும் குழைக்காதரிடம் போய் நின்றார்.

"இருக்கிற உண்மையை எல்லாம் நீர்தான் எழுத வேண்டுமா?" என்று கேட்டார் குழைக்காதர். அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"பிள்ளைகள் சரியாகத்தானே சொன்னார்கள்?" என்றார் வாத்தியார்.

மறுநாள் காலையில் நல்ல மழை. ராஜா குடைக்காரனோடு வந்து சேர்ந்தார். குழைக்காதர் கையில் கிணற்றுக் கயிறு.

"எழுத்தைத் தொடக் கூடாது என்றுதானே மகாராஜா உத்தரவு? வட்டம் போட்ட கோட்டைப் பற்றிப் பேச்சில்லையே" என்றார். ஈரத்துணியால் ராஜாவின் வட்டத்துக் கோட்டை மட்டும் துடைத்தார். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மீசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். மறுமுனையோடு சுண்ணாம்புக் கட்டியையும் சேர்த்துப் பிடித்து வாத்தியார் ஒரு சுற்று வந்தார். புது வட்டம் சுவர்வரை போயிற்று. பெரிய ராஜாவின் வட்டம் அதற்குள் முழுசாக அடங்கிவிட்டது.

"இது தங்கள் வட்டம். அப்பா வட்டத்தில் இருப்பதெல்லாம் இதற்குள்ளும் இருக்கிறது. ஆக எல்லாமே பொது."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "பெரிய வட்டம் என்னுடையதா?"

"அதில் என்ன சந்தேகம்?"

ராஜா விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றப் போனார். குழைக்காதருக்கு அப்பாடா என்று இருந்தது.

"சாட்சி?" என்று ஒரு குரல் கேட்டது. வாத்தியார்தான்.

"என்ன ஓய்?" என்றார் ராஜா.

"வட்டத்துக்குள் இருப்பதற்குச் சாட்சி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோட்டை அழித்துப் பழையபடி சின்னதாகப் போடுவோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் வழக்கம்."

குழைக்காதருக்கு வாத்தியாரை அந்தக் கயிற்றாலேயே கட்டிப்போட வேண்டும் போல இருந்தது. ராஜாவின் விரலில் மோதிரம் பாதியில் நின்றது. பிள்ளைகள் எல்லாரும் ராஜாவைப் பார்த்தார்கள். வெளியே மழை வலுத்தது.

குழைக்காதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சாட்சிக்கு என்ன பஞ்சம்? விடியற்காலை முதல் மழை கொட்டுகிறது. ஏரிக்கரை அரைக்காதம். மகாராஜா அதற்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்திருக்கிறார். குதிரையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ராஜா வட்டத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வந்த சிரிப்பில் குடைக்காரன் கைக்குடை ஆடியது.

"வாத்தியார் எங்கேயும் போக வேண்டாம். பிரசவச் செலவு அரண்மனையைச் சேர்ந்தது" என்றார். மோதிரத்தைத் திரும்ப விரலிலேயே மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துக் கூவினார்: "குதிரை கொண்டு வாருங்கள்! இரண்டு!"

"இரண்டு எதற்கு மகாராஜா?" என்றார் குழைக்காதர்.

"எங்கே நிற்கிறீர் என்று குனிந்து பாரும் ஓய். என் வட்டத்துக்குள்ளும் நிற்கிறீர், அப்பா வட்டத்துக்குள்ளும் நிற்கிறீர்."